குறுக்கு வரிகள்

கண் ஆஸ்பத்திரிக்குள் அங்கயற்கண்ணி என்ற பெயரோடு நுழைவது கொஞ்சம் சங்கடமான காரியம்தான். சொட்டு மருந்து போட வந்த சிஸ்டர் சீட்டைப் பார்த்து அந்தப் பெயரை எழுத்தெழுத்தாக உரக்கக் கூப்பிட்டபோது வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், மதுரையில் பிறந்த பெண்ணுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள். "அண்ணாந்து பாருங்கம்மா, கொஞ்சம் எரியும். நான் சொல்ற வரைக்கும் கண்ணைத் தொறக்கக் கூடாது, என்ன?" எரிந்தது. இமைக்குள்ளே முதலில் சிவப்பாக, அப்புறம் பழுப்பாக, அப்புறம் எதுவுமாக இல்லாமல் ஆயிற்று. பக்கத்து நாற்காலியில் அவள் கணவர் சோலைமலை இருக்கிறார் என்பது செருமலில் தெரிந்தது. பாங்கிலிருந்து ரிட்டையராகிப் பல வருஷம் ஆகியும் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்த ஆளைக் கூப்பிடுகிறவர் மாதிரிதான் செருமுவார். அவர் மடியில் ரிப்போர்ட் ஃபைல். அந்த ஃபைலுக்குள், ஸ்கேன் காகிதங்களுக்கு அடியில், அவருக்குத் தெரியாமல் அவள் செருகி வைத்த ஒரு தாள் இருக்கிறது. கின்லாக் என்ற வெள்ளைக்காரன் எழுதிய கடைசிக் கடிதம். அதை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர இன்று காலையில் மனசு வரவில்லை. பாக்கியிருப்பது அது ஒன்றுதான், மற்றதையெல்லாம் படித்து, பிரதியெடுத்து, தமிழில் பெயர்த்து அலமாரியில் அடுக்கியாயிற்று. அதைத் தன் கண்ணால் படிக்க முடியுமா முடியாதா என்பதை இன்னும் சற்று நேரத்தில் உள்ளே இருக்கிற டாக்டர் சொல்லிவிடுவார். அவ்வளவுதான் விஷயம்.

கோடு நேரா இருக்கா. காலையில் அந்தச் சின்னப் பெண், வெள்ளைக் கோட்டு போட்ட பெண், கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஓர் அட்டையை நீட்டி, நடுவில் உள்ள புள்ளியைப் பாருங்கள், சுற்றியுள்ள கோடெல்லாம் நேராக இருக்கிறதா என்று கேட்டது. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். புள்ளியே இல்லை. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஈரத் துணியால் துடைத்துவிட்ட மாதிரி ஒரு மங்கல், அதைச் சுற்றிக் கோடுகள் உள்வாங்கி வளைந்திருந்தன. பயம் வருவதற்கு முன்னால் வந்தது தொழில் புத்திதான். நல்ல மடிப்பு, பக்கவாட்டில் அழுத்தம் வந்து பாறை அடுக்குகள் இப்படித்தான் வளையும் என்று மனசு தன்பாட்டுக்குப் பாடம் நடத்திற்று. காலேஜில் நிலவியல் நடத்திய காலமெல்லாம் இதையேதானே கரும்பலகையில் வரைந்தாள், பூமிக்குள் நேர்கோடு என்று ஒன்று கிடையாது பிள்ளைகளா என்று சொல்லிக்கொண்டே. இப்போது கண்ணுக்குள்ளேயே மடிப்பு. நேராகத்தான் இருக்கிறது என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பரீட்சையில் அந்தப் பெண் மார்க் போட்டுவிட்டால் கண் சரியாகிவிடும் என்கிற மாதிரி. சொல்லவில்லை. "வளைஞ்சிருக்கும்மா," என்றாள், அந்தப் பெண் எதையோ எழுதிக்கொண்டது, பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது, வளைந்திருக்கிறது என்று எழுத அவ்வளவு நேரமா ஆகும். முதலில் வளைந்தது வீட்டுக் கதவு நிலைதான். ஆசாரியைக் கூப்பிட வேண்டும், மழை ஈரத்தில் மரம் முறுக்கிக்கொண்டது என்று சோலைமலையிடம் சொன்னாள். அவர் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, "கதவு நேராத்தான் இருக்கு, புரபசரம்மா. நீதான் கோணலாப் பாக்குறே," என்றார். கல்யாணமான நாளிலிருந்து சொல்கிற கேலி, அன்றைக்குப் பார்த்து உண்மையாகிவிட்டது.

கண்ணை மூடினால் எல்லாம் நேராகிவிடுகிறது, அதுதான் வேடிக்கை. மூடிய கண்ணுக்குள் கின்லாக்கின் கையெழுத்து ஒரு சுழி பிசகாமல் நிற்கிறது. வலப்பக்கம் சாய்ந்து, அவசர அவசரமாக, டி எழுத்தின் குறுக்குக்கோடு அடுத்த வார்த்தையின் தலைமேல் போய் விழும். ஆண்ட்ரூ கின்லாக், ஸ்காட்லாந்துக்காரன், ரோடு போட அளக்க வந்தவன். அரியலூர்ப் பக்கத்து ஓடைகளில் கிளிஞ்சல் கல்லாகிக் கிடப்பதைப் பார்த்ததிலிருந்து ரோட்டை மறந்துவிட்டான். ரயில் கூட இந்தப் பக்கம் வந்திராத காலம். மாட்டுவண்டியில் அலைந்து, வெயிலில் தோலுரிந்து, இங்கே கடல் இருந்திருக்கிறது, வந்திருக்கிறது, போயிருக்கிறது, மறுபடி வந்திருக்கிறது என்று அடுக்கு அடுக்காக முதல் படம் வரைந்தவன். மேலதிகாரிகள் சிரித்தார்கள். லண்டனுக்கு அவன் அனுப்பிய கிளிஞ்சல் பெட்டிகளில் பாதி வழியிலேயே நொறுங்கிப்போயின, மீதிக்கு வேறொருத்தர் தன் பெயரை வைத்துக்கொண்டார். அவன் பேச்சைச் சிரிக்காமல் கேட்டவள் ஊரில் இருந்த தங்கை ஐசபெல் ஒருத்திதான். மாதம் தவறாமல் அவளுக்கு எழுதினான். தபால் கூலி எடைக்குத் தக்கபடி என்பதால் ஒரு தாளை மேலிருந்து கீழாக எழுதி நிரப்பி, பிறகு அதே தாளைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதியதன் மேலேயே குறுக்கே எழுதுவான். பார்த்தால் பாய் முடைந்த மாதிரி இருக்கும். ஓர் எழுத்தும் பிடிபடாது. அங்கயற்கண்ணி எம்.எஸ்ஸி. முடித்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்த வருஷம் அந்த ஊர் நூலகத்துக்கு ஏரோகிராம் எழுதிப் போட்டாள். வருமா வராதா என்று மறந்தே போன பிறகு ஒரு கட்டு நகல் கப்பலில் வந்து சேர்ந்தது, மருந்து வாடை அடிக்கிற வழவழப்புத் தாளில். முதல் ஆறு மாசம் ஒரு வரி தேறவில்லை. பிறகு ஒரு நாள், குறுக்கே ஓடுவதைப் பார்க்காமல் நேரே ஓடுவதை மட்டும் பார்க்கக் கண் தானாகக் கற்றுக்கொண்டது. சந்தையில் அத்தனை சத்தத்துக்கு நடுவில் தன் அம்மா கூப்பிடுவது மட்டும் கேட்குமே, அப்படி. அந்த வித்தை வேறு யாருக்கும் கைவரவில்லை. அவளுக்கும் இனிமேல் கிடையாது போலிருக்கிறது.

"இன்னொரு சொட்டும்மா." குளிர்ந்து, எரிந்து, கன்னத்தில் வழிந்தது, யாரோ பஞ்சு கொடுத்தார்கள். பஞ்சின் ஸ்பிரிட் வாடைக்கு அடியில் எங்கிருந்தோ காய்ந்த களிமண் வாடை வந்தது, அது இந்த ஆஸ்பத்திரி வாடை இல்லை. முதல் தடவை ஓடையில் இறங்கிய நாளின் வாடை. பதினாறு பையன்களோடு ஒரு பெண்ணை வெளியூருக்கு அனுப்புவதா என்று பிரின்சிபால் இழுத்தடித்து, அம்மாவும் கூட வருவதென்றால் சரி என்று ஒப்புக்கொண்டு, அம்மா வேனில் புளிசாதத் தூக்கோடு உட்கார்ந்திருக்க, அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுத்தியலோடு இறங்கினாள். கால் வைத்த இடமெல்லாம் நொறுநொறுவென்றது. குனிந்து பார்த்தால் மண் இல்லை, அத்தனையும் கிளிஞ்சல், வயலுக்குப் போகிற மாடுகள் மிதித்து மிதித்துப் பொடியான கல் கிளிஞ்சல். அந்த நொறுநொறுப்பைப் பற்றி கின்லாக் தங்கைக்கு எழுதியிருந்தான். இந்த மாடுகள் தினமும் ஒரு கடலை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போகின்றன, இவற்றுக்கு அது தெரியாது என்று. அந்த வரியை அவள் அதற்கு முந்தின வாரம்தான் பிரித்தெடுத்திருந்தாள். நூறு வருஷத்துக்கு மேல் ஆன ஒரு சத்தம் தன் செருப்புக்கு அடியில் கேட்கிறது. அப்படியே நின்றுவிட்டாள். "என்னடி, முள்ளு குத்திருச்சா?" என்று அம்மா மேலேயிருந்து கத்தினாள். ஆமாம் என்று சொல்லி வைத்தாள், வேறென்னவென்று சொல்வது. அன்றைக்கு இருந்த சந்தோஷம் அதற்கப்புறம் வந்ததா. வந்தது, நிறைய வந்தது, ஆனால் அது மாதிரி இல்லை. அம்மா போய்விட்டாள். அந்த ஓடையையும் சுரங்கத்துக்குத் தோண்டிவிட்டார்களாம், யாரோ சொன்னார்கள், அவள் போய்ப் பார்க்கவில்லை. வேன் இருந்தது, புளிசாதம் இருந்தது, கண் இருந்தது. எத்தனை நல்ல கண், தரையில் அரிசி அளவு சுருள் சிப்பி கிடந்தாலும் நின்ற இடத்திலிருந்தே தெரியும்.

அந்த நல்ல கண்ணை வைத்துக்கொண்டுதான் பாய்வாரென் என்ற ஊரைத் தேடினாள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், கையெழுத்துக்கு மேலே, ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல் இருக்கும். நூலகத்துப் பட்டியலில் அதை ஊர்ப்பெயர் என்று போட்டிருந்தார்கள். பாய்வாரென், கின்லாக் பெரும்பாலும் தங்கியிருந்த கிராமம், இடம் தெரியவில்லை. கடிதம் எழுதுகிறவன் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஊரைப் போடுவது வழக்கம்தானே. அவளுடைய பேராசிரியர் தாலுகா வரைபடங்களைத் தரையில் விரித்துப்போட்டு முழங்காலிட்டுத் தேடினார். கேட்க ஏதோ பிரெஞ்சுப் பெயர் மாதிரி இருக்கிறது, பாண்டிச்சேரிக்காரன் எவனாவது வைத்த அவுரிச் சாயத் தொழிற்சாலையாக இருக்கும் என்றார். டீக்கடை டீக்கடையாக விசாரித்தார்கள். "பாய்வாரென்னா? அப்படி ஒரு ஊரு இந்தப் பக்கம் கெடையாதுங்களே தங்கச்சி. பாய்க்காரர் வீடு ஒண்ணு இருக்கு, அதைக் கேக்குறீங்களா?" கடைசியில் பேராசிரியர் தன் கட்டுரைக்கு அடிக்குறிப்பாக, அந்தக் கிராமம் கொள்ளிட வெள்ளத்தில் அழிந்திருக்கலாம் என்று எழுதிவிட்டார். நிலவியல்காரர்களுக்கு ஓர் ஊரை மூழ்கடிப்பது பெரிய காரியமில்லை, கடலையே கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள். தமிழ் தெரிந்த இத்தனை பேரும் அந்தச் சொல்லை ஒரு தடவையாவது வாய்விட்டுப் படித்தோமா என்றால் இல்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்தது, ஆங்கிலமாகப் படித்தார்கள், ஊர் என்று சொன்னார்கள், ஊராகத் தேடினார்கள்.

பிறகு கல்யாணம். பதினைந்தாம் நாளே மாப்பிள்ளையை வடக்கே ரத்லாமுக்கு மாற்றிவிட்டது பாங்க். மதுரை ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பட்டுப்புடவையோடு நிற்கிறாள், மாமியார் அழுகிறார், சோலைமலை ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பி வழியாகக் குனிந்து அவளை மட்டும் பார்த்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "போய் வாரேன்," என்றார். போய் வாரேன். வண்டி நகர்கிறது. அவள் சிரிக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். கம்பிக்குப் பின்னால் அந்த மனிதரின் முகம் போன போக்கு. அதற்கப்புறம் இரண்டு மாசம் அவரிடமிருந்து கடுதாசியே இல்லை. புருஷன் ஊரைவிட்டுப் போனதற்குச் சிரித்த பொம்பளை என்று இன்றைக்கும் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் சொல்லிக் காட்டுகிறார், கேட்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் சிரிக்கிறார்கள். ஆனால் ரயில் போன பிறகு நடந்ததை அவள் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளின் அடியிலும் அந்தப் பாய்வாரென்னை வாய்விட்டுப் படித்தாள். போய் வாரேன் ஐசபெல். போய் வாரேன். அவனுடைய சமையல்காரர் மூக்கன் என்பவர் சொல்லிக்கொடுத்தாராம், போகிறேன் என்று மட்டும் சொல்லி ஒரு வீட்டைவிட்டு இறங்கக் கூடாது துரை என்று. அந்த விளக்கமும் ஒரு கடிதத்தின் குறுக்கு வரிகளில் முதலிலிருந்தே கிடந்தது, அதை அதற்கப்புறம்தான் பிரித்தாள். கின்லாக் ஊருக்குத் திரும்பிப் போகவேயில்லை. நாற்பத்தொன்றாவது வயதில் காய்ச்சலில் செத்துப்போனான், எந்த ஊரில் என்றுகூடத் தெரியவில்லை. அன்று பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து அழுதாள். மாமியார் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, மகனை நினைத்துத்தான் அழுகிறாள் என்று சமாதானமானார். பாதி உண்மைதான் அது.

கண்ணைத் திறந்துவிடலாமா. கூடாது. திறந்தால் எல்லாம் வெள்ளையாக இருக்கும், அப்புறம் அந்த மங்கல் இருக்கும். முகத்தைப் பார்த்தால் மூக்கு இருக்கிற இடத்தில் மங்கல். சோலைமலையின் காது தெரிகிறது, தலைமுடி தெரிகிறது, ஆள் நடுவில் இல்லை. ஓரமாகப் பார்த்தால் வருகிறார், நேராகப் பார்த்தால் போய்விடுகிறார். எதைப் பார்க்க ஆசைப்படுகிறாளோ அதைத்தான் அது விழுங்குகிறது. இந்த ஒரு வருஷத்தில் எத்தனை நாள் நல்ல கண் இருந்தது, அத்தனை நாளும் அந்தக் கடைசிக் கடிதத்தைத் தொடாமல் வைத்திருந்தாளே. அடிக்குறிப்பு முடியட்டும் என்றாள், பெரிய லென்ஸ் வரட்டும் என்றாள், கோடை போகட்டும் என்றாள். தாளின் மேல் ஓரத்தில் ஐசபெல் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள், கடைசி என்று, அந்த ஒரு சொல்லைப் படித்ததோடு அங்கயற்கண்ணி அதை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். அதைப் படிக்காத வரைக்கும் அவன் எங்கேயோ ஓடைக்கரையில் மாட்டுவண்டிக்கு அடியில் நிழலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறான். படித்துவிட்டால் காய்ச்சல் வந்துவிடும். எழுபது வயதுப் பெண்பிள்ளை, இறந்துபோன ஒருத்தன் இறந்துவிடுவானே என்று பயந்துகொண்டிருந்தாள் என்றால் யாரிடம் சொல்லி யார் கேட்பது. இப்போது படிக்க வேண்டும் என்று அத்தனை துடிப்பாக இருக்கிறது. ஒரே ஒரு தாள் ஐயா. ஒரு தாளுக்கு மட்டும் கண்ணை விட்டு வைத்தால் போதாதா, அதற்கப்புறம் சமையலறையில் உப்பு எது சர்க்கரை எது என்று நக்கிப் பார்த்தே காலத்தை ஓட்டிவிட மாட்டாளா. இப்படி யாரிடம் பேரம் பேசுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் கொட்டாவி விட்டார், அது வரிசை முழுக்கத் தொற்றிக்கொண்டு அவளிடமும் வந்தது.

"உள்ளே வாங்கம்மா." சோலைமலை முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். டாக்டர் ஷர்மிளா பானுவின் குரல் வயதுக்கு மீறின நிதானத்தோடு இருந்தது. தாடையை வைக்கச் சொன்னார், வெளிச்சம் பாய்ந்தது, மேலே பாருங்க, கீழே பாருங்க, நேரா பாருங்க. பிறகு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த நாற்காலிச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "வலது கண்ணுல நடுப்பகுதி போயிருச்சும்மா. அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. இடது கண்ணுலயும் நடுவுல ஆரம்பிச்சிருச்சு. ஊசி போட்டா இருக்கிறதைத் தக்கவைக்கலாம். நீங்க பாட்டுக்கு நடமாடலாம், சமைக்கலாம், டி.வி. பாக்கலாம்."

"படிக்கிறது?"

"கொட்டை எழுத்து படிக்கலாம். பொடி எழுத்து சிரமந்தான்."

"குறுக்கேயும் நெடுக்கேயும் ஒண்ணு மேல ஒண்ணா எழுதினது?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "அப்படி யாரும்மா எழுதுறா?" என்று கேட்டுவிட்டு, "இல்லம்மா. அது முடியாது," என்றார். சுற்றி வளைக்காமல் சொன்னதற்காக அங்கயற்கண்ணி அந்தப் பெண்ணுக்கு நன்றி சொன்னாள். நிஜமாகவே நன்றியாகத்தான் இருந்தது. வெளியே வந்து தாழ்வாரத்து பெஞ்சில் உட்காரும்வரை அழுகை வரவில்லை. வந்தபோதும் சொட்டு மருந்து வழிகிற மாதிரிதான் வந்தது, துடைத்துக்கொள்ளப் பஞ்சு கையிலேயே இருந்தது. ஊசிக்குத் தேதி வாங்க வேண்டும், சோலைமலை எழுந்திருக்கவில்லை.

"அந்த ஃபைல்ல அடியில ஒரு பேப்பர் இருக்கும். எடுங்க," என்றாள்.

"எது, பழைய ஸ்கேனா?"

"துரையோட கடுதாசி. கடைசி. நீங்க படிங்க, நான் கேக்குறேன்."

தாள் சரசரத்தது. அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொள்கிற சத்தம். "இது என்னம்மா, கோழி கிண்டின மாதிரி இருக்கு. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது?" என்றார். குறுக்கே ஓடுவதைப் பார்க்காதீர்கள், நேரே ஓடுவதை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிக்கொடுத்தாள். திணறினார். எத்தனை ஆயிரம் பேருடைய கையெழுத்தைச் சரிபார்த்த கண், செக்குகளின் பின்பக்கக் கிறுக்கல்களையெல்லாம் பார்த்த கண், அப்படி லேசில் விடாது. மை டியர் ஐசபெல் என்று ஒவ்வொரு சொல்லாக, பாங்கில் டிரான்ஸ்பர் ஆர்டர் வாசிக்கிற குரலில் தொடங்கினார். பெரிதாக ஒன்றுமில்லை. மழை பிந்திவிட்டது. மூக்கன் வீட்டில் பெண்குழந்தை, மூன்றாவது. புது பூட்ஸ் கடிக்கிறது. ஓடையின் வடகரையில் ஓர் அடுக்கு கண்ணில் பட்டிருக்கிறது, கடுகு கடுகாகச் சிப்பிகள், எந்தப் பெயரும் பொருந்தவில்லை, வியாழக்கிழமை திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். சாவு அதில் எங்கேயும் இல்லை. சோலைமலைக்குப் பிடி கிடைத்துவிட்டது, குரல் வேகம் எடுத்தது, பூட்ஸ் இடத்தில் தன்னை மறந்து சிரித்தார்.

இத்தனை வருஷமாக அங்கயற்கண்ணி யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அவள் படிக்கும்போது கின்லாக்குக்கு ஒரு குரல் இருந்தது. லேசாகக் கரகரத்த, இளம் குரல். ஓடையில் கிளிஞ்சல் நொறுங்கிய நாளில் வந்தது, அதற்கப்புறம் ஒவ்வொரு வரியையும் அதுதான் அவள் காதில் சொன்னது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேடினாள். மழை என்று சொன்னது சோலைமலை. வியாழக்கிழமை என்று சொன்னதும் சோலைமலை. முந்தின கடிதங்களில் மனப்பாடமாக இருந்த வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், மாடுகள் கடலை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற அந்த வரியைக்கூட. எல்லாவற்றிலும் இந்தச் செருமல்தான் கேட்டது. அவன் எந்தக் காய்ச்சலிலும் சாகவில்லை, இந்தத் தாழ்வாரத்தில், இந்த பெஞ்சில், இப்போதுதான் போனான், கொன்றவருக்கு அது தெரியாது, பிரியமாக, விரலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறார்.

"இந்தப் பக்கம் முடிஞ்சிருச்சு. இப்பத் தாளைத் திருப்பணுமா?" என்று கேட்டார்.

அவள் பஞ்சால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா, திருப்பிக்கங்க," என்றாள். "நிறுத்தாம படிங்க."